முதலில் எதைச் சொல்வது

தண்ணீர் பாட்டில் எடுக்க நான் கீழே போயிருக்கவே கூடாது. உள்ளே தண்ணீர் போதவில்லை, காரில் ஒரு பெட்டி இருக்கிறது என்று எங்கள் பிரிவு அதிகாரி ஆவுடையப்பன் சார் சொன்னபோது பியூன் வரட்டும் என்று பேசாமல் இருந்திருக்கலாம். யாராவது ஒரு வேலை சொன்னால் உடனே எழுந்துவிடுகிறேன், மறுத்துப் பேசுவதைவிடச் செய்துவிடுவது சுலபமாக இருக்கிறது. போனேன். போர்டிகோவில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த டிரைவர் சுடலைமுத்து அண்ணாச்சி பெட்டியை இறக்கிக் கொடுத்துவிட்டு, நான் கேட்காமலே, "உங்க சிப்பி மேடத்துக்கு ஆளு மாறிட்டு தெரியுமா பாப்பா? நேர்காணலுக்கு நிபுணரா வாரேன்னு சொன்னவுகளுக்குக் காய்ச்சலாம். காலையில ஸ்டேஷன்ல போயி வேற ஒருத்தரக் கூட்டிட்டு வந்தேன். சந்தானகோபாலன் ஐயா. பாலம் வரவும் வண்டிய மெதுவா ஓட்டுன்னு சொல்லி ஆத்தையே பாத்துட்டு வந்தாவ" என்றார். பெட்டி கையிலிருந்து நழுவவில்லை. கதைகளில்தான் நழுவும். சரி அண்ணாச்சி என்று சிரிக்கக்கூடச் சிரித்தேன். இப்போது பெட்டியை உள்ளே கொடுத்துவிட்டு வராந்தாவில் இந்த இரும்பு நாற்காலியில் வந்து உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்து நாற்காலியில் எஸ்தர் மேடம். அவருக்குத் தெரியாது. கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிகிறது, உள்ளே வணிகவியலுக்கான பதவி உயர்வு நேர்காணல் நடக்கிறது, அது முடிந்ததும் விலங்கியல். விலங்கியலுக்கு எஸ்தர் மேடம் ஒருவர்தான். அவர் உள்ளே போய், நான் சொல்லிக்கொடுத்தபடியே, தன்னுடைய மிகச் சிறந்த ஆராய்ச்சி எது என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்வார். அந்த ஆராய்ச்சி சந்தானகோபாலன் முப்பது வருஷத்துக்கு முன்னால் இந்த ஆற்றில் கண்டுபிடித்துத் தன் ஆசிரியரின் பெயரைச் சூட்டிய சிப்பியைப் பற்றியது. அப்படி ஒரு சிப்பி இனமே கிடையாது என்பதுதான் அதன் முடிவு. "என்ன பிள்ள, தண்ணி தூக்கப் போனவ பேயப் பாத்தவ மாதிரி வந்து உக்காந்திருக்க?" என்று மேடம் கேட்கிறார். "படி ஏறி வந்தேம்லா மேடம்" என்கிறேன். என் வாயிலிருந்து பொய் எவ்வளவு லேசாக வருகிறது.

சொல்லிவிடலாம். இன்னும் நேரம் இருக்கிறது. சொன்னால் என்ன ஆகும்? போன முறை என்ன ஆனது என்று இந்தப் பல்கலைக்கழகத்தில் எல்லோருக்கும் தெரியும், அதனால்தான் அவர் என் மேஜைக்கு வந்தார். போன முறை உள்ளே போனவர் வரிசையாக உட்கார்ந்திருந்த முகங்களைப் பார்த்ததும் தன் பெயரைச் சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டார். இருபத்தைந்து வருஷம் வகுப்பெடுத்தவர். தண்ணீர் கொடுத்தார்கள், குடித்தார், மறுபடி பெயரையே சொன்னார். இணைப் பேராசிரியராகவே திரும்பி வந்தார். வருகிற ஜூனில் ஓய்வு. இன்றைக்குத் தவறினால் மறுபடி விண்ணப்பிக்க ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும் என்பது விதி, அந்த ஒரு வருஷம் அவரிடம் இல்லை. பேராசிரியர் என்ற சொல் தன் பெயருக்கு முன்னால் ஒரு நாளாவது வர வேண்டும் என்று அவர் என்னிடம் சொன்னதில்லை. "கிடைச்சா கிடைக்கட்டும் இசக்கி" என்றுதான் சொல்வார். ஆனால் விண்ணப்பத்தில் 'கோரும் பதவி' என்ற கட்டத்தை நிரப்பும்போது பேனாவை வைத்துவிட்டு உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார், நான் பார்த்தேன். எனக்கு இந்த மாதிரி விஷயங்கள்தான் கண்ணில் படும். என் வேலையே அதுதானோ என்று சமயத்தில் தோன்றும். தொகுப்பூதியத்தில் என்னை எடுத்தது பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்கும் ஆசிரியர்களுக்கு வழிகாட்ட: எந்தக் கட்டுரைக்கு எத்தனை மதிப்பெண், எந்தச் சான்றிதழை எங்கே இணைப்பது, எதைச் சேர்த்தால் தேராது. என் அப்பாவைவிட வயதானவர்கள் வந்து எதிரில் உட்காருவார்கள். வகுப்பில் மாணவர்களை நடுங்க வைப்பவர்கள் இங்கே குரலைத் தாழ்த்தி, "இது பாஸ் ஆயிருமா பாப்பா?" என்பார்கள். எனக்கும் உள்ளே நடுக்கம்தான். இரண்டு பக்கமும் நடுங்கிக்கொண்டு நடுவில் ஒரு மேஜை.

ஒத்திகை வைக்கலாம் என்று சொன்னது நான்தான். சனிக்கிழமை மத்தியானம் காலியான வகுப்பறை. நான் நிபுணர், மேடம் விண்ணப்பதாரர். நான் நிபுணர்! எம்.எஸ்ஸி. வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்தவர் ஒரு கேள்வி கேட்டு, நான் பதில் தெரிந்தும் நிற்க, "பேச வருமா, வராதா?" என்று அவர் பக்கத்தில் இருந்தவரைக் கேட்க, எல்லோரும் சிரித்த அந்த அறையின் பினாயில் வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. இந்த வராந்தாவிலும் அதே பினாயில். எல்லா அரசாங்கத் தரையையும் ஒரே பாட்டிலில்தான் துடைக்கிறார்கள் போல. முதல் ஒத்திகையில் மேடம் பெயரைச் சொன்னார், நின்றார். நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், இருவருக்கும் வியர்த்தது. கூச்சம் தாங்காமல் நான் தலையைக் குனிந்துகொண்டேன். உடனே அவர் பேசத் தொடங்கிவிட்டார். அருவி மாதிரி. இதுதான் வழி என்று எனக்கு ஒரே சந்தோஷம். அதற்குப் பிறகு எல்லா சனிக்கிழமையும் நான் மேஜையைப் பார்த்தபடியே கேள்வி கேட்டேன், அவர் என் தலை வகிட்டைப் பார்த்தபடியே பதில் சொன்னார். ஐயோ. இத்தனை வாரமும் நான் அவருக்கு என்ன சொல்லிக்கொடுத்திருக்கிறேன்? குனிந்த தலைக்கு முன்னால் பேச. உள்ளே யார் தலையைக் குனியப் போகிறார்கள்? துணைவேந்தர் குனிவாரா, சந்தானகோபாலன் குனிவாரா? இது எப்படி எனக்கு இதுவரை தோன்றவில்லை. தோன்றியிருந்தால் ஒரு தடவையாவது தலையை நிமிர்த்திக் கேட்டிருப்பேன். நிமிர்த்தியிருப்பேனா? மாட்டேன். என் பயத்தையே ஒரு பயிற்சி முறையாக்கி அவரிடம் கொடுத்துவிட்டேன். இப்போது இதற்கு மேல் அந்தப் பெயரையும் சொன்னால்.

"டீச்சர், உள்ள ஏசி ஐஸ் கட்டியாட்டம் இருக்காம்லா" என்கிறார் எதிர் நாற்காலியில் இருக்கும் பெருமாள்சாமி சார். வணிகவியலில் இரண்டாவது ஆள் அவர். டை கட்டி அவரை நான் பார்த்ததே இல்லை, டை அவரைக் கட்டியிருப்பது போல இருக்கிறது. "ஒருவிதத்துல நல்லதுதான். பயத்துல நடுங்குனாலும் குளிருதுன்னு சொல்லிக்கிடலாம்." மேடம் சிரிக்கிறார். "வேர்த்துச்சுன்னா என்ன சொல்லுவீங்க சார்?" "வேர்த்தா உண்மையச் சொல்லிர வேண்டியதுதான்." மணி அடிக்கிறது, முதல் ஆள் வெளியே வந்து யாரையும் பார்க்காமல் நேராகப் படியிறங்குகிறார், பெருமாள்சாமி சார் எழுந்து டையைத் தொட்டு, "ஜெபம் பண்ணிக்கிடுங்க டீச்சர், எனக்கும் சேத்து" என்று சொல்லிவிட்டு உள்ளே போகிறார். கதவு மூடுகிறது. இனி அவருடைய நேரம்தான் என்னுடைய நேரம். அவர் எவ்வளவு உளறுகிறாரோ அவ்வளவு நல்லது எனக்கு. மேடம் கண்ணை மூடிக்கொண்டு உதடுகளை மட்டும் அசைக்கிறார். ஜெபம் இல்லை, எனக்குத் தெரியும். முதல் வாக்கியம். அதை நான்தான் எழுதிக்கொடுத்தேன். "அத மூணாவதாச் சொல்லிக்கிடுதேன் பிள்ள, முதல்ல கடல் நத்தைக் கட்டுரைய வச்சு ஆரம்பிக்கலாம்" என்றுதான் அவர் சொன்னார். நான் என் வாழ்நாளில் இரண்டு பேரிடமோ மூன்று பேரிடமோதான் பிடிவாதம் பிடித்திருக்கிறேன், அதில் ஒன்று இது. "இல்ல மேடம், உங்கள்ட்ட இருக்கதுல பெருசு எதுவோ அதத்தான் முதல்ல வைக்கணும்." எவ்வளவு தெளிவாகச் சொன்னேன். அது விதி, எல்லோருக்கும் சொல்வதுதான். விதியைச் சொல்லும்போது என் குரல் திக்குவதில்லை, ஏனென்றால் அது என் குரல் இல்லை. பின்னால் வருகிற எல்லாவற்றையும் அந்த முதல் வாக்கியத்தோடு கோத்துவிட்டோம். இப்போது அதை உருவினால் மற்றவை எல்லாம் தரையில் உருளும், இந்த வராந்தாவில் வைத்து மறுபடி கோக்க முடியாது.

அந்தச் சிப்பியை அவர் எப்படிப் பிடித்தார் என்று ஒரு சனிக்கிழமை சொன்னார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆற்றில் இறங்கிக் காலால் தடவித் தேடுவாராம், மணலுக்குள் பாதி புதைந்து விளிம்பு மட்டும் பாதத்தில் உரசும். "ஓடுத தண்ணியில கிடக்கது ஓடு தடிச்சுக் குண்டா இருக்கும் பிள்ள. தேங்குன தண்ணியில கிடக்கது மெலிஞ்சு தட்டையா இருக்கும், அதத்தான் சந்தானகோபாலன் ஐயா தனி இனம்னு பேரு வச்சாவ. பாக்கவும் ரெண்டும் வேற வேறன்னுதான் யாரும் சொல்லுவாவ. நானும் அப்படித்தான் நம்பி ரொம்ப நாளு வகுப்புல சொன்னேன்." பிறகு ஒரு சந்தேகம். குஞ்சுகளைக் கூண்டில் வைத்து இடம் மாற்றினார். ஓட்டத்தில் பிறந்தவற்றைத் தேக்கத்தில், தேக்கத்தில் பிறந்தவற்றை ஓட்டத்தில். மழையில் கூண்டு போனது, மறுபடி வைத்தார். மீன் பிடிக்கிறவர்கள் எடுத்துப் போனார்கள், மறுபடி வைத்தார். இடம் மாறியவை போன இடத்து உருவத்துக்கே வளர்ந்தன. "ரெண்டும் ஒரு வயித்துப் பிள்ளைங்கதான். தண்ணிதான் வேற." இதைச் சொல்லும்போது அவர் என் வகிட்டைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தார். கட்டுரையை அச்சுக்கு அனுப்புவதற்கு முன்னால் சந்தானகோபாலனுக்கு ஒரு படி தபாலில் அனுப்பினாராம். ஐயா, உங்களை மறுக்க எழுதவில்லை, பார்த்ததை எழுதியிருக்கிறேன் என்று. பதில் வரவில்லை. "வயசானவுக, கண்ணு தெரியாம இருக்கும்" என்றார். கண் தெரியாதவராக இருந்தால் ஆற்றைப் பார்த்துக்கொண்டு ஏன் வருகிறார்? பாலத்தில் வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்கிறவருக்குக் கண் நன்றாகத் தெரியும். படித்திருக்கிறார். படித்து, பதில் எழுதாமல், காய்ச்சல்காரருக்குப் பதில் நான் போகிறேன் என்று தானே கேட்டு வந்திருக்கிறார். அப்படித்தான் இருக்கும். இல்லை, எனக்கென்ன தெரியும். எனக்குத் தெரியாத இடத்திலெல்லாம் பயம் வந்து உட்கார்ந்துகொண்டு தெரிந்த மாதிரி பேசுகிறது. நிபுணர் பெயர் நம் வாயிலிருந்து வரக்கூடாது என்று ஆவுடையப்பன் சார் முதல் நாளே சொல்லியிருக்கிறார். "வந்தா அன்னைக்கே உன் சீட்டு காலி கேட்டியா." எல்லாப் பெயரும் டிரைவர் வழியாகக் கசிவது அவருக்கும் தெரியும், ஆனால் கசிந்தது வேறு, சொன்னது வேறு. அப்படியானால் நான் சொல்லாமல் இருப்பது விதிக்காகவா, மேடத்துக்காகவா, என் நாற்காலிக்காகவா? மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க நினைக்கிறேன், பிரிய மாட்டேன் என்கிறது.

படிப்பக்கம் காலடிச் சத்தம். ஆவுடையப்பன் சார் முன்னால் வருகிறார், பின்னால் விலங்கியல் நிபுணர்கள், அவர்களில் ஒரே ஒருவர்தான் முதியவர். வெளி நிபுணர்கள் வந்தால் வராந்தாவில் இருப்பவர்கள் எழுந்து நிற்க வேண்டும், யாரும் சொல்லிக்கொடுக்காமலே எல்லோரும் எழுந்துவிடுவோம். எழுகிறேன். பார்க்கக்கூடாது என்று தரையைப் பார்க்கிறேன், அதனால் கிட்டத்தில் முதலில் தெரிவது அந்த முதியவருடைய கால். செருப்புப் போட்ட கால், ஒரு பெருவிரலில் கட்டு, அழுக்கான கட்டு. சர்க்கரைக்காரர்களின் கட்டு. அந்தக் கால் எனக்கு நேராக வந்து நிற்கிறது. எல்லாம் முடிந்தது, என் முகத்திலேயே படித்துவிட்டார். "பாத்ரூம் எந்தப் பக்கம்மா?" என்கிறது மேலேயிருந்து ஒரு குரல். கையைத் தூக்குகிறேன், அது எந்தப் பக்கமும் காட்டாமல் நடுவில் நிற்கிறது. "நேரா போயி இடது கைப்பக்கம் சார்" என்று மேடம் சொல்கிறார். "தரை ஈரமா இருக்கும், இப்பத்தான் துடைச்சாவ. சுவரப் பிடிச்சுட்டுப் போங்க. கால்ல தண்ணி படாமப் பாத்துக்கிடுங்க." "நன்றிம்மா" என்று அவர் போகிறார், உண்மையாகவே சுவரைப் பிடித்துக்கொண்டு. நான் மேடத்தைப் பார்க்கிறேன். நிமிர்ந்த முகத்தைப் பார்த்துப் பேசினார், நேராக, கண்ணைப் பார்த்து, திக்காமல். யாரென்று தெரியாததால். அப்படியானால் தெரியாமலே இருக்கட்டும். கடவுளே, தெரியாமலே உள்ளே போகட்டும், பாத்ரூம் வழி கேட்ட ஒரு பெரியவரிடம் பேசுவதுபோல அந்த வாக்கியத்தைச் சொல்லிவிடட்டும். ஆனால் உள்ளே துணைவேந்தர் அறிமுகம் செய்வாரே. பேராசிரியர் சந்தானகோபாலன் என்பாரே. அந்த நொடியில், நாற்காலியில் பாதி உட்கார்ந்து பாதி உட்காராமல், தனியாக, என்னையோ வேறு யாரையுமோ திரும்பிப் பார்க்கக்கூட முடியாமல் அவர் அந்தப் பெயரைக் கேட்பாரே. என் வாய்மொழித் தேர்வில் நான் நின்றது நினைவிருக்கிறது. கேள்வி கஷ்டமானதால் நிற்கவில்லை. கதவுக்கு வெளியே நின்ற எல்லோருக்கும் அந்த ஆள் எப்படிப்பட்டவர் என்று தெரிந்திருந்தது, எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை என்பது உள்ளே போன பிறகுதான் புரிந்தது.

பெருமாள்சாமி சார் வெளியே வருகிறார். இவ்வளவு சீக்கிரமா? டை ஒரு பக்கமாகத் திரும்பிக் கிடக்கிறது. "என்ன சார் கேட்டாவ?" என்கிறார் மேடம். "சாப்பிட்டீங்களான்னு கேட்டாங்க டீச்சர். சாப்பிட்டதே மறந்துபோச்சு." சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. வணிகவியல் நிபுணர்கள் அந்தப் பக்கக் கதவு வழியாகப் போய்விட்டார்கள். கட்டுப் போட்ட கால் சுவர் ஓரமாகத் திரும்பி வந்து, எங்களைத் தாண்டி, மேடத்துக்கு ஒரு தலையசைப்புக் கொடுத்துவிட்டு உள்ளே போகிறது. மேடம் கைப்பையை என் மடியில் வைக்கிறார், போனை அணைத்து அதன்மேல் வைக்கிறார், புடவைத் தலைப்பை இழுத்துச் செருகுகிறார். "வகிடு நேரா இருக்கா பாரு." இருக்கிறது. பியூன் கதவைப் பாதி திறந்து, "விலங்கியல். எஸ்தர் ஞானசெல்வி மேடம்" என்கிறான். அவர் ஓர் அடி எடுத்து வைக்கிறார். என் கை போய் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. எப்போது பிடித்தேன்? பை தரையில் விழுந்து கிடக்கிறது. "மேடம், பாத்ரூம் கேட்டாங்கல்லா, அவங்கதான் சந்தானகோபாலன்." சொல்லிவிட்டேன். பியூனுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும். மேடத்தின் முகத்தில் நான் பயந்ததெல்லாம் அப்படியே நடக்கிறது, உதட்டில் இருந்த நிறம் இறங்குகிறது, கண் கதவுக்குப் போய் என்னிடம் வந்து மறுபடி கதவுக்குப் போகிறது, நான் பிடித்திருக்கும் மணிக்கட்டு குளிர்ந்துகொண்டே போகிறது. "அவுகளா" என்கிறார். பிறகு, "அந்தக் கால வச்சுக்கிட்டா ரயில்ல வந்தாவ?" என்கிறார். "மூணாவதாச் சொல்லிருங்க மேடம்" என்கிறேன், "முதல்ல நத்தையச் சொல்லுங்க, அதுக்குள்ள நேரமாயிரும், சிப்பிக்கு வரவே வேண்டாம்." சொல்லச் சொல்ல எனக்கே தெரிகிறது, நான் கட்டியதை நானே பிடித்து இழுக்கிறேன். மேடம் தலையை ஆட்டுகிறார். "அதுவரைக்கும் அவுக முகத்தப் பாத்துக்கிட்டு நான் வேற கதை பேசிட்டு இருக்கணும்லா. அது என்னால ஆகாது பிள்ள." குரல் நடுங்குகிறது. "அவுகளுக்குத்தான் முதல்ல சொல்லணும்." "மேடம், வாங்க, கூப்பிடுதாங்க" என்கிறான் பியூன். மணிக்கட்டு என் கையிலிருந்து போய்விட்டது.

கதவு மூடியது. விளக்கு சிவப்பானது. கதவுக்கு இந்தப் பக்கம் பியூன் நிற்கிறான், என்னைப் பார்க்கிறான், பையைக் குனிந்து எடுத்துக் கொடுக்கிறான், ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே வணக்கம். நாற்காலி இழுக்கும் சத்தம். துணைவேந்தரின் குரல், அதில் அந்தப் பெயர், பிறகு யாரோ இருமுவது. இப்போது நிற்பார். பெயரைச் சொல்லிவிட்டு நிற்பார், தண்ணீர் கொடுப்பார்கள், நான் தூக்கி வந்த தண்ணீர். நான் சொல்லியிருக்கக்கூடாது. சொல்லாமல் இருந்திருக்கக்கூடாது. மேடத்தின் குரல் கேட்கிறது. பெயர். பிறகு ஓர் இடைவெளி, எனக்கு அதன் நீளம் தெரியவில்லை. பிறகு ஆறு என்று ஒரு சொல், சிப்பி என்று ஒரு சொல், நடுவில் இருப்பதை ஏசியின் இரைச்சல் தின்றுவிடுகிறது. வாக்கியம் முடிந்துவிட்டது. நான் எழுதிக்கொடுத்ததைவிடச் சின்னதாக இருந்தது. பெருமாள்சாமி சார் டையைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு கதவையே பார்க்கிறார், அவரும் போகாமல் இருக்கிறார் என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன். பாத்ரூம் வழி கேட்ட அதே குரல் உள்ளே எழுகிறது. கோபமா, காது கேட்கவில்லையா, இரண்டில் எதுவென்று கதவுக்கு இந்தப் பக்கம் இருந்து சொல்ல முடியாது. "திரும்பச் சொல்லுங்கம்மா. இந்த ஆத்துல என்ன கிடையாதுங்கறீங்க?"

மேடத்தின் குரல் மறுபடி தொடங்குகிறது. நடுங்கிக்கொண்டுதான். நிற்கவில்லை.